கோலாலம்பூர் – சிங்கப்பூர்: 45 நிமிடப் பயணத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது?

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம், மூன்றுமே சரி. இரண்டு நகர மையங்களுக்கும் இடையே வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் சுமார் 315 கிலோமீட்டர். கேஎல்ஐஏ விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு அளந்தால் 300 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நெடுஞ்சாலையில் போனால் ஏறக்குறைய 350.

விமான நிலையங்கள் ஒன்றுக்கொன்று நகரங்களைவிட நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், கேஎல்ஐஏ இருக்கும் சிப்பாங். அது கோலாலம்பூர் நகரத்துக்குத் தெற்கே, சாலைவழியாக ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், சிங்கப்பூர் இருக்கும் திசையிலேயே அமைந்திருக்கிறது. விமானம் ஏறப் போகும்போதே சிங்கப்பூரை நோக்கிக் கொஞ்ச தூரம் வந்துவிடுகிறோம். ஆனால் சாங்கி இருப்பது தீவின் கிழக்குக் கோடியில். சிப்பாங்கில் மிச்சம் பிடித்த தூரத்தில் ஒரு பகுதியை, இறங்கிய பிறகு நகரத்துக்குள் திரும்பி வருவதில் செலவழிக்கிறோம்.

தூரத்தை வைத்து இந்தப் பயணத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன். பறக்கும் நேரத்தை வைத்தும் முடியாது. "முக்கால் மணி நேரத்தில் சிங்கப்பூர்" என்று நம்பிச் சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு. "எதில் போனாலும் அரை நாள் போய்விடும், பேருந்திலேயே போகலாம்" என்கிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான். வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல்வரை கணக்குப் போட்டால்தான் முழுப் படம் கிடைக்கும்.

ஆகவே இரண்டு வாசல்களை முடிவு செய்துகொள்வோம். புறப்படுவது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், போய்ச் சேருவது சிங்கப்பூரின் தேக்கா. இரண்டு நகரங்களிலும் தமிழர்கள் அதிகம் புழங்கும் இடங்கள் இவை. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் இருக்கிறது. தேக்கா சந்தையின் பக்கத்திலேயே லிட்டில் இந்தியா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம். காஜாங்கிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ புறப்படுகிறவர்கள் தங்கள் பகுதிக்கான நேரத்தைக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

விமானம்

அட்டவணையில் 1 மணி 5 நிமிடத்திலிருந்து 1 மணி 20 நிமிடம்வரை போட்டிருப்பார்கள். உண்மையில் வானத்தில் இருப்பது 40 முதல் 50 நிமிடம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு 300 கிலோமீட்டரைக் கடக்க 25 நிமிடம்கூட வேண்டாம். மீதி நேரம் எங்கே போகிறது?

முதலில், அந்த வேகத்தை விமானம் எட்டிப் பிடிக்கும் நேரமே இந்தப் பாதையில் மிகக் குறைவு. 10,000 அடிக்குக் கீழே வேகக் கட்டுப்பாடு உண்டு, மணிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். ஏறி முடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். அடுத்தது, சாங்கியில் எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது என்பது. அங்கே ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைந்தவை, விமானங்கள் காற்றை எதிர்த்தே இறங்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடக்கிலிருந்து வரும் விமானம் தீவைத் தாண்டித் தெற்கே போய், திரும்பி வந்து இறங்க வேண்டியிருக்கும். டிசம்பரில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஊர் வந்துவிட்டது என்று நினைத்த பிறகும் கீழே கடலும் நங்கூரமிட்ட கப்பல்களும் வெகுநேரம் தெரிவது இதனால்தான். கடைசியாக, தரையில் ஊர்ந்து போகும் நேரம். இரண்டுமே பெரிய விமான நிலையங்கள், நெரிசலான நேரத்தில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த நெரிசலுக்குக் காரணமே இந்த வழித்தடம்தான் என்றுகூடச் சொல்லலாம். 2018 பிப்ரவரியோடு முடிந்த 12 மாதங்களில் இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே 30,537 விமானங்கள் பறந்தன. அப்போது உலகத்தில் வேறெந்தப் பன்னாட்டு வழித்தடத்திலும் அத்தனை விமானங்கள் இல்லை. ஒரு நாளைக்கு எண்பதுக்கும் மேல். பயணிக்கு இதில் ஒரு நல்லது உண்டு. ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்ததுக்கு அரை நாள் காத்திருக்கத் தேவையில்லை.

இப்போது கணக்கு. பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கால் மணி. கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் 1ஆம் முனையத்துக்கு 28 நிமிடத்திலும் 2ஆம் முனையத்துக்கு 33 நிமிடத்திலும் போகிறது, அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் தனி. பெட்டி ஒப்படைக்கும் முகப்பு புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவாவது அங்கே இருக்க வேண்டும். விமானத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம். சாங்கியில் இறங்கி, நடந்து, குடிநுழைவு முடித்து வெளியே வர அரை மணி, பெட்டி இருந்தால் இன்னும் கொஞ்சம். அங்கிருந்து எம்ஆர்டியில் ஒரு நிறுத்தம் போய் எக்ஸ்போவில் டௌன்டௌன் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. இதற்கு முக்கால் மணி.

கூட்டினால் ஐந்து மணி நேரத்தை ஒட்டி வருகிறது. கைப்பையோடு மட்டும் போய், எல்லாம் கூடிவந்தால் நாலேகால் மணி நேரத்திலும் முடியும். 45 நிமிடம் பறப்பதற்காக நாலு மணி நேரத்தைத் தரையில் செலவு செய்கிறோம்.

ஆனாலும் விமானத்துக்கு ஒரு பெருமை இருக்கிறது, அதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஐந்து மணி நேரம் பெரும்பாலும் ஐந்து மணி நேரமாகவே இருக்கும். வெள்ளிக்கிழமை மாலையானாலும் தீபாவளிக்கு முந்தின நாளானாலும் ஆறு மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். மற்ற மூன்று வழிகளுக்கும் இந்த உறுதி இல்லை, ஏன் என்பதைக் கீழே பார்ப்போம். விமானத்தைத் தாமதப்படுத்துவது மழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை இரண்டு ஊர்களிலும் வழக்கம், அந்த மாதங்களில் காலை விமானம் நல்லது. ஜூன் முதல் செப்டம்பர்வரை சுமாத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று விடிவதற்கு முன்னாலும் அதிகாலையிலும் அடிக்கும். அது ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

சீட்டு வாங்கும்போது கேஎல்ஐஏவில் எந்த முனையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏர் ஏசியா 2ஆம் முனையம். மலேசியா ஏர்லைன்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 1ஆம் முனையம். இரண்டுக்கும் இடையே நடந்து போக முடியாது, ரயிலோ பேருந்தோ பிடிக்க வேண்டும்.

சுபாங் விமான நிலையத்தையும் சொல்லியாக வேண்டும். 1998இல் கேஎல்ஐஏ திறக்கும்வரை கோலாலம்பூரின் விமான நிலையம் என்றால் சுபாங்தான். அதன் பிறகு நெடுங்காலம் சுழலி (டர்போபிராப்) விமானங்களோடு ஒதுங்கியிருந்தது, 2024 ஆகஸ்டில் ஜெட் விமானங்கள் மறுபடி வந்தன. அடுத்த மாதமே ஸ்கூட் விமான நிறுவனம் அங்கிருந்து சாங்கிக்குப் பறக்கத் தொடங்கியது. சாங்கிக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 335 கிலோமீட்டர், சிப்பாங்கைவிட அதிகம். ஆனால் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், சுபாங் ஜெயா பக்கம் இருப்பவர்களுக்கு மொத்தப் பயணத்தில் ஒரு மணி நேரம்வரை மிச்சமாகும். சிறிய நிலையம், நடை குறைவு. அந்தப் பக்கம் வீடு இருந்தால் வேறு எதையும் பார்க்குமுன் சுபாங் அட்டவணையைப் பாருங்கள்.

எல்லை

விமானத்துக்கும் மற்றவற்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகம் அல்ல, இரண்டு நாடுகளுக்கும் நடுவே உள்ள ஜொகூர் நீரிணை. தரைவழியாக எதில் போனாலும் அதைத் தாண்ட இரண்டே பாலங்கள். ஒன்று, ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் பழைய கடற்பாலம். 1,056 மீட்டர் நீளம், 1924இல் முறைப்படி திறந்தது. மற்றொன்று மேற்கே துவாஸுக்குப் போகும் இரண்டாம் பாலம், 1998இல் வந்தது.

தினமும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கடற்பாலத்தைக் கடக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் இல்லை. ஜொகூரில் வீடும் சிங்கப்பூரில் வேலையுமாக இருப்பவர்கள், விடிவதற்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் வரிசை கட்டி நிற்பவர்கள். நம் இனத்தவர்களும் அவர்களில் நிறைய பேர். வருடத்தில் இரண்டு மூன்று தரம் போகிற நாம் எல்லை நெரிசலைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும்போது, அவர்களுக்கு அது தினப்படி வாழ்க்கை என்பதையும் நினைக்க வேண்டும்.

அவர்களுடைய நேரத்தைத் தெரிந்துகொண்டால் நம்முடைய நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வேலைநாட்களில் காலை ஐந்து மணியிலிருந்து எட்டுவரை சிங்கப்பூருக்குப் போகும் பக்கம் அடைந்திருக்கும், மாலையில் ஜொகூருக்குத் திரும்பும் பக்கம். வெள்ளி மாலையும் சனி காலையும் சிங்கப்பூரர்கள் மலேசியாவுக்கு வருகிறார்கள், ஞாயிறு மாலை திரும்புகிறார்கள். ஜொகூர் மாநிலத்தின் வார விடுமுறை முன்பு வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து அது சனி ஞாயிறுக்கு மாறிவிட்டதால் இரு பக்கத்து விடுமுறையும் இப்போது ஒரே நாளில் விழுகிறது. இவற்றோடு சீனப் புத்தாண்டு, ஹரி ராயா, தீபாவளி, சிங்கப்பூரின் ஜூன் டிசம்பர் பள்ளி விடுமுறைகள். அந்த நாட்களில் பாலத்தைக் கடக்க மூன்று நான்கு மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அதே பாலத்தை அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம்.

ஒரே பயணம், ஒரே தூரம், ஆறு மடங்கு வித்தியாசம். ஆகவே "பேருந்தா, விமானமா" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எல்லையில் இருப்பேன்" என்று கேட்க வேண்டும் என்பேன். அதற்குப் பதில் கிடைத்தால் பாதி முடிவு வந்துவிடும்.

பேருந்து

கோலாலம்பூரில் தெற்கே போகும் பேருந்துகளுக்கு முக்கிய நிலையம் பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ள டிபிஎஸ். 2011இல் திறந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் சீக்கிரம் போய்விடலாம். வசதியான சில பேருந்துகள் நகரத்துக்குள் வேறு இடங்களிலிருந்தும் புறப்படுகின்றன. பேருந்துகளுக்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். சிரம்பான், தங்காக், பாகோ, யோங் பெங், ஆயர் ஈத்தாம், கூலாய் என்று போகும் பாதையில் நடுவே ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். எல்லை சுமாராக இருந்தால் ஐந்தரையிலிருந்து ஆறரை மணி நேரம். வாசல் முதல் வாசல்வரை ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தைவிட இரண்டு மணி நேரம்தான் கூடுதல். அந்த ஏழு மணி நேரத்திலும் ஐந்து மணி நேரம் ஒரே இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம், படிக்கலாம், தூங்கலாம். விமானப் பயணத்தில் ஐந்து மணி நேரமும் துண்டு துண்டாகப் போகும். வரிசை, நடை, மறுபடி வரிசை. மடிக்கணினியோடு வேலை செய்ய நினைப்பவருக்குப் பேருந்தின் ஏழு மணி நேரம் அதிகப் பயன் தரும்.

இரவுப் பேருந்து பலருக்குப் பிடித்தது. விடுதிச் செலவு மிச்சம், காலையில் சிங்கப்பூர். ஆனால் நள்ளிரவுக்குப் புறப்படும் பேருந்து எல்லைக்கு வருவது சரியாக வேலையாட்கள் குவியும் அதிகாலை நேரத்தில். இரவு பத்தரைக்குள் புறப்பட்டால் நாலு மணிக்கு முன்பே கடந்துவிடலாம், பிறகு விடியும்வரை தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீரோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஞாயிறு இரவுப் பேருந்தை மட்டும் தவிருங்கள். திங்கள் விடிகாலை சிங்கப்பூருக்குள் நுழைவதைப் போல அலுப்பான பயணம் வேறில்லை.

முதல் தடவை பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவிலிருந்து வெளியேறும் இடத்தில் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கலாம். சிங்கப்பூருக்குள் நுழையும் இடத்தில் எல்லாப் பெட்டிகளையும் இறக்கி எடுத்துப்போய்ச் சுங்கச் சோதனை முடிக்க வேண்டும். இரண்டு தரமும் பேருந்தின் எண்ணையும் நிற்கும் இடத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் பத்துப் பேருந்துகள் நிற்கும், தாமதமாக வருகிறவர்களுக்காக எல்லா ஓட்டுநர்களும் காத்திருப்பதில்லை.

ரயில்

பல ஆண்டுகளாக ரயிலை யாருக்கும் பரிந்துரைக்க முடியாத நிலை இருந்தது. கிம்மாஸில் மாறி, ஒற்றைத் தடத்தில் டீசல் வண்டியில் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. கிம்மாஸ் – ஜொகூர் பாரு இரட்டைத் தடமும் மின்மயமும் முடிந்து, 2025 டிசம்பர் 12 அன்று இடிஎஸ் மின்ரயில் ஜேபி சென்ட்ரல்வரை வந்தது. கேஎல் சென்ட்ரலிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஜொகூர் பாரு. பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு வீட்டிலிருந்து நடந்து போய் ஏறலாம், விமான நிலையத்துக்குப் போகும் ஒரு மணி நேரமே கணக்கில் வராது.

பிறகு எல்லை. ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஷட்டல் தெப்ராவ் என்ற குட்டி ரயில் ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடுகிறது, சாலை நெரிசல் அதைத் தொடாது. கட்டணம் ஜொகூரிலிருந்து 5 ரிங்கிட், உட்லண்ட்ஸிலிருந்து 5 சிங்கப்பூர் வெள்ளி. பணமாற்று விகிதத்தை நினைத்தால் திரும்பும் பயணம் மூன்று மடங்கு. அதற்குச் சீட்டுக் கிடைப்பதுதான் பாடு, நல்ல நேரங்கள் வெகு முன்பே விற்றுப்போகும். கிடைக்கவில்லையென்றால் நிலையத்திலிருந்தே மேம்பாலம் வழியாகக் குடிநுழைவுக் கட்டடத்துக்கு நடந்து போய், எல்லைப் பேருந்தில் ஏறலாம். பழைய 170ஆம் எண் பேருந்து புக்கிட் தீமா சாலை வழியாக குவீன் ஸ்திரீட் போகும், சிடபிள்யூ2 என்ற பேருந்து இடையில் அதிகம் நிற்காமல் அதே இடத்துக்குப் போகும். அங்கிருந்து தேக்கா நடக்கும் தூரம். மொத்தம் ஆறரையிலிருந்து ஏழரை மணி நேரம்.

2011வரை ரயில் சிங்கப்பூரின் நடுவிலேயே, தஞ்சோங் பகாரில் போய் நின்றது. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று புறப்பட்ட கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். அந்த நேரடிப் பயணம் இனி வரப்போவதில்லை. 90 நிமிடத்தில் போகலாம் என்று 2016இல் ஒப்பந்தமான அதிவேக ரயில் திட்டமும் 2020ஆம் ஆண்டு முடிவோடு காலாவதியாகி, மலேசியா சிங்கப்பூருக்கு 10 கோடி வெள்ளிக்கும் மேல் இழப்பீடு கொடுத்தது. அது என்றைக்காவது மீண்டும் வந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது. அதை நம்பி இன்று திட்டமிட முடியாது.

நம்பக்கூடியது ஆர்டிஎஸ். ஜேபி சென்ட்ரலுக்குப் பக்கத்தில் உள்ள புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்வரை நான்கு கிலோமீட்டர் ரயில் இணைப்பு. 2026ஆம் ஆண்டு முடிவை இலக்காக வைத்துக் கட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர்வரை ஏற்றிச் செல்லும். இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் ஏறும் இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் வந்து ஸ்டீவன்ஸில் மாறினால் லிட்டில் இந்தியா. இந்த இணைப்பு ஓடும்போது வாசல் முதல் வாசல்வரை ஆறு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும் என்பது என் கணக்கு. அதைவிட முக்கியம், அந்த ஆறு மணி நேரம் எந்தக் கிழமையிலும் பெரிதாக மாறாது. விமானத்துக்கு மட்டும் இருந்த உறுதி ரயிலுக்கும் வரும்.

கார்

நான்கைந்து பேராகக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மட்டும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் எல்லைவரை மூன்றரை மணி நேரம், சினாயில் பிரிந்து இரண்டாம் பாலத்தில் போனால் பெரும்பாலும் நெரிசல் குறைவு. ஆனால் மலேசியக் கார் சிங்கப்பூருக்குள் நுழைய ஆட்டோபாஸ் என்ற கட்டண அட்டை வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஆண்டுக்குப் பத்து நாட்கள் தீர்ந்த பிறகு வேலைநாளில் 35 வெள்ளி நுழைவுக் கட்டணம், அத்தோடு சிங்கப்பூரின் வாகன நிறுத்தச் செலவு. ஜொகூர் பாருவில் காரை நிறுத்திவிட்டு ரயிலிலோ பேருந்திலோ கடப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

செலவு

விமானச் சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் மாறாத செலவுகளை மட்டும் சொல்கிறேன். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ஒருவருக்கு ஒரு வழி 55 ரிங்கிட். சில நாட்களில் சலுகை விமானச் சீட்டின் விலையை இது நெருங்கிவிடும். நான்கு பேர் என்றால் 220 ரிங்கிட், அதற்கு கிராப் வாடகை வண்டியே மலிவு. சாங்கியிலிருந்து புறப்படும் பயணிக்கு விமான நிலையக் கட்டணங்களும் வரியும் சேர்ந்து 65 வெள்ளிக்கும் மேல், அது சீட்டு விலையிலேயே சேர்ந்திருக்கும். 300 கிலோமீட்டர் பறக்கிறவரும் லண்டனுக்குப் பறக்கிறவரும் சாதாரண வகுப்பில் ஏறக்குறைய அதையேதான் கட்டுகிறார்கள். எனவே கோலாலம்பூரிலிருந்து போகும் சீட்டு மலிவாகவும் திரும்பும் சீட்டு விலை கூடியும் தெரிவது தற்செயல் இல்லை. போகும்போது விமானத்திலும் வரும்போது ரயிலிலோ பேருந்திலோ வருவது பணத்துக்கும் உடம்புக்கும் நல்ல சமரசம். வீடு திரும்பும்போது யாருக்கும் அவ்வளவு அவசரம் இருப்பதில்லை.

சாமான்களும் முடிவை மாற்றும். ஏர் ஏசியாவின் சாதாரணச் சீட்டில் கையில் கொண்டுபோக 7 கிலோதான், அதில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. அத்தை வீட்டுக்கு ஊறுகாய்ப் புட்டியும் நெய்யும் முறுக்கு டின்னும் கொண்டுபோகிறவர் பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். ரயிலில் அந்தத் தொல்லை இல்லை. எந்த வழியில் போனாலும் மலேசியாவிலிருந்து வருகிறவருக்குச் சிங்கப்பூரில் மதுவுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. சிகரெட்டுக்கு யாருக்குமே கிடையாது. மின்சிகரெட்டை எடுத்துப் போகவே வேண்டாம், தண்டனை கடுமை.

யாருக்கு எது

காலையில் போய் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து மாலையில் திரும்ப வேண்டுமா? விமானம்தான், வேறு யோசனை வேண்டாம். முதல் விமானத்தில் போய்ச் சேர்ந்தால் பத்து மணிக்கு நகரத்தில் இருக்கலாம். சாவு வீடு, மருத்துவமனை என்று அவசரமாகப் புறப்பட வேண்டியிருந்தாலும் அதுதான். துக்கத்தோடு எல்லை வரிசையில் நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

வார நடுவில் ஓய்வாகப் போகும் தனியாளுக்கு ரயில் அல்லது பகல் பேருந்து. மாணவர்களுக்குப் பேருந்து. நீண்ட வார இறுதியில் போயே தீர வேண்டும் என்றால் விலை கூடினாலும் விமானம், இல்லையென்றால் வியாழக்கிழமையே புறப்பட்டுவிடுங்கள். தைப்பூசத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து பத்துமலைக்கு வருகிறவர்கள் பேருந்தைத்தான் விரும்புகிறார்கள், உறவினர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் வரலாம் என்பதால். அவர்கள் முந்தின நாள் மாலைக்குப் பதிலாக நண்பகலுக்குள் எல்லையைக் கடந்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு ஊர்களையும் பார்க்க வருகிறவர்களுக்கு வேறொரு கணக்கு. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இரண்டு நகரங்களுக்கும் நேரடி விமானங்கள் உண்டு. ஒரே ஊருக்குப் போய்வரும் சீட்டு வாங்காமல், கோலாலம்பூரில் இறங்கிச் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்படி வாங்கினால் நடுவில் ஒரு வழிப் பயணம் மட்டுமே மிஞ்சும். அதை மலாக்காவில் ஓர் இரவு தங்கிப் பேருந்தில் முடிக்கலாம், அந்த ஊர் வழியிலேயே இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 30 நாள் விசா விலக்கு 2026 முடியும்வரை உண்டு, சிங்கப்பூருக்கு விசா எடுத்தே ஆக வேண்டும். இரண்டு நாட்டுக்கும் மின்வருகை அட்டையை வருவதற்கு மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், தரைவழியாக வந்தாலும் இது பொருந்தும். அந்த அட்டைகள் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளத்தை நம்பாதீர்கள்.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போவதானால் நான் விமானத்தையே சொல்வேன், செலவு எவ்வளவானாலும். பேருந்தில் இரண்டு தரம் ஏறி இறங்கி, பெட்டியோடு படியேறி, எப்போது முடியும் என்று தெரியாத வரிசையில் நிற்பது முழங்கால் வலி உள்ளவர்களால் ஆகாது. கழிப்பறை எங்கே என்ற கவலையே அவர்களைத் தண்ணீர் குடிக்கவிடாமல் செய்துவிடும். விமானத்துக்குச் சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலிக்குப் பதிவு செய்துவிடுங்கள். இரண்டு நாட்களுக்கு முன்பாவது சொல்லியிருந்தால் இரு பக்கமும் ஆள் வந்து குடிநுழைவுவரை தள்ளிச் செல்வார்கள். கேஎல்ஐஏ 2ஆம் முனையத்தில் நடை மிக நீளம் என்பதால், நன்றாக நடக்கக்கூடியவர்களுக்கும் அதைக் கேட்டு வாங்குவது தவறில்லை. காலை பத்து மணியை ஒட்டிய விமானமாகப் பாருங்கள். விடியற்காலையில் எழுப்ப வேண்டியதில்லை, பிற்பகல் மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம், மதியச் சாப்பாட்டு மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுக்கலாம்.